ரூட் கனால் சீலர்களும் தண்ணீரும்

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக் குடாவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு நியமனம் கிடைத்துப் போயிருக்கும் இளம் பல் வைத்தியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, இங்கே அலுமாரியில் சிங்க் ஒக்சைட் யூஜினோல் மட்டும்தான் இருக்கிறது. தனியார் கிளினிக்குகளில் எல்லாரும் பயோசெரமிக் என்கிறார்கள். நான் போடுவது பழையது, தரம் குறைந்தது என்று நோயாளியிடம் சொல்ல வேண்டுமா? போன கிழமை ஒருவருக்கு மேல் முன்பல் அடைத்தேன். எக்ஸ்ரேயில் வேர் நுனிக்கு வெளியே சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு. அவருக்கு நோ ஒன்றும் இல்லை. எனக்குத்தான் நித்திரை இல்லை.”

நித்திரை கொள்ளுங்கள் தங்கச்சி. பொட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சீலர் என்ற பொருளைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். நான் இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகப் பல்வேர் அடைத்து வருகிறேன். இவ்வளவு காலத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எந்தச் சீலரைக் கையில் எடுத்தாலும், தண்ணீர் பட்டால் அது என்ன செய்யும் என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தால் அதை எங்கே போடலாம், எப்படிப் போட வேண்டும், எங்கே அது கைவிடும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

வைத்தியர் அல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பல்லுக்குள் இருக்கும் கூழ் கிருமி தொற்றிச் செத்துப்போனால், அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்து, கொஞ்சம் அகட்டி, அடைத்து மூடுகிறோம். ஊரில் “பல்லுக்கு நரம்பு எடுத்தது” என்பது இதைத்தான். அடைப்பதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று கட்டாபேர்ச்சா, நாங்கள் ஜிபி என்போம், ஊசி போலக் கூராக இருக்கும் குச்சி. மற்றது சீலர், அந்தக் குச்சிக்கும் பல் சுவருக்கும் இடையில் இருக்கும் இடுக்கை நிரப்பும் குழம்பு.

ஜிபி மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பாலில் இருந்து வருவது. முன்பு கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதே பால்தான். அந்த மரம் நம் பாலை மரத்தின் குடும்பம். பாலைப்பழக் காலத்தில் ஒரு கை பழம் தின்றுவிட்டு உதட்டை ஒட்டிப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் குணம் தெரியும். ஆனால் வேருக்குள் போகும் ஜிபி அப்படி ஒட்டாது. 1867இல் போமன் என்ற அமெரிக்கர் முதன்முதலாக வேருக்குள் வைத்த காலத்தில் இருந்து இன்றுவரை அதன் பெரிய குறை இதுதான். இன்றைய குச்சியில் உண்மையான ஜிபி ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். பெரும்பகுதி துத்தநாக ஒக்சைட், மிச்சம் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான உப்பும் கொஞ்சம் மெழுகும். எவ்வளவு அழுத்தித் திணித்தாலும் அது பல் சுவரின் பக்கத்தில் நிற்குமே தவிர, பல்லோடு சேராது.

என் அப்பப்பாவின் மரவள்ளத்தைத் திருக்கடலூர்க் கரையில் கவிழ்த்துப் போட்டுக் கலப்பத்து அடித்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திரித்துத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். பலகை எவ்வளவு நல்ல பலகையாக இருந்தாலும் இடுக்கு விட்டால் வள்ளம் தண்ணீர் எடுக்கும். இடுக்கை அடைக்கிறேன் என்று பலகையே இல்லாமல் குங்கிலியத்தால் வள்ளம் கட்டவும் முடியாது. ஜிபி பலகை, சீலர் கலப்பத்து. சீலர் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பேராதனையில் நமக்குப் படிப்பித்ததன் காரணம் அதுதான். ஏறக்குறைய எல்லாச் சீலரும் காலப்போக்கில் கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் கரையும். படலம் மெல்லிசாக இருந்தால் இழப்பும் சின்னது.

இதை எண்ணால் சொன்னால், வேர்ச் சீலர்களுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 6876. அதன்படி படலத்தின் தடிப்பு 50 மைக்ரோனைத் தாண்டக் கூடாது. சாதாரண தலைமுடியின் தடிப்புக்கும் அது குறைவு. தண்ணீரில் வைத்தால் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் கரையக் கூடாது. எக்ஸ்ரேயில் குறைந்தது 3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு அளவுக்காவது வெள்ளையாகத் தெரிய வேண்டும். ஓட்டத்தைப் பார்க்க, ஒரு சொட்டுச் சீலரை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து மொத்தம் 120 கிராம் பாரம் ஏற்றுவார்கள். பத்து நிமிடத்தில் அது குறைந்தது 17 மில்லிமீற்றர் வட்டமாகப் பரவ வேண்டும். ஓட்டம் குறைந்தால் பக்கக் கிளைகளுக்குள் போகாது. கூடினால் நுனியைத் தாண்டி வெளியே போய்விடும். உங்கள் வெள்ளைப் பொட்டு இப்படி வந்ததுதான்.

சரி, அலுமாரியில் இருப்பதைப் பார்ப்போம்.

துத்தநாக ஒக்சைட் பொடியும் கராம்பு எண்ணெயில் உள்ள யூஜினோலும். பொடியில் நாலில் ஒரு பங்கு ரொசின், அதாவது பைன் மரத்துப் பிசின். குங்கிலியத்துக்கு அது தூரத்துச் சொந்தம் போலத்தான். லூயிஸ் குரொஸ்மன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இந்தக் கலவையைத் திருத்திச் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இது இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். துத்தநாக ஒக்சைட் முதலில் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரொக்சைட் ஆகிறது. அது யூஜினோலோடு பிணைந்து சிங்க் யூஜினொலேட் ஆகும்போது அதே தண்ணீர் திரும்ப வெளியே வருகிறது. ஆனால் இந்த வினை பின்பக்கமும் ஓடும். இறுகிய பிறகும் உடல் ஈரம் பட்டுக்கொண்டிருந்தால், யூஜினொலேட் மெல்ல மெல்லப் பிரிந்து யூஜினோலை விடும். நன்மையும் தீமையும் இந்த ஒரே இடத்தில்தான். வெளியே வரும் யூஜினோல் கிருமியைக் கொல்லும், அதே நேரம் பக்கத்துத் திசுவையும் உறுத்தும். அப்படி விட்டுவிட்டே வருடக்கணக்கில் சீலர் கரைந்தும் போகும்.

எவ்வளவு கரையும் என்பதற்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் எங்கேயோ வேர் அடைத்த ஒருவர் வீக்கத்தோடு வந்தார். யார் செய்தார்கள் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. பழைய எக்ஸ்ரே ஒன்றை உறையோடு பத்திரமாக வைத்திருந்தார். அதில் வேர் நுனிவரை வெள்ளையாக நிறைந்திருந்தது. நான் எடுத்த புதிய எக்ஸ்ரேயில் கீழ்ப் பாதி வெறுமை. திறந்து பார்த்தபோது ஒரு ஜிபி குச்சிகூட உள்ளே இல்லை. வெறும் பேஸ்டைச் சுழற்றி இறக்கிவிட்டிருக்கிறார்கள். கால்வாயைச் சுரண்டும் ஊசியான ஃபைலின் நுனியில் வந்தது நாற்றமும் சுண்ணாம்புத் தூள் போன்ற கொஞ்சமும்தான். பலகை இல்லாமல் குங்கிலியத்தால் கட்டிய வள்ளம். அடைத்த நாளில் அந்தப் பல் நன்றாக அடைத்தது போலத்தான் தெரிந்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு உங்கள் சீலர் மோசம் என்று நினைக்க வேண்டாம். அதே துத்தநாகச் சீலரை மெல்லிய படலமாகப் போட்டு, ஜிபியை நன்றாக நெருக்கிய பற்கள் இருபது வருடம் தாண்டியும் அமைதியாக இருப்பதை நான் மாதாமாதம் பார்க்கிறேன். ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது கலக்கும் விதம்.

நம்முடைய ஊரில் இதில் ஒரு பொறி இருக்கிறது. கலக்கும் கண்ணாடித் தகடு குளிர்ந்திருந்தால் இறுகுவது தாமதமாகும் என்று படித்திருப்போம். மாரி காலத்தில், நவம்பரிலோ டிசம்பரிலோ, தகட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் பனி பூத்துவிடும். அந்த ஈரத்தில் கலந்தால் சீலர் கையிலேயே கட்டியாகும். குளிர் கொடுத்த நேரத்தைத் தண்ணீர் பறித்துவிடுகிறது. ஆகவே தகட்டைத் துடைத்து அறைச் சூட்டில் உலர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பொடிப் போத்தலை உடனே மூடுங்கள், பொடியும் ஈரம் குடிக்கும். யூஜினோல் கடும் மண்ணிறமாகிவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நன்றாகத் தேய்த்துக் கலக்க வேண்டும். பதம் பார்ப்பதற்கு குரொஸ்மன் காலத்து முறையே போதும். ஸ்பெச்சுலாவில் எடுத்து நிமிர்த்திப் பிடித்தால் பத்துப் பன்னிரண்டு விநாடி விழாமல் நிற்க வேண்டும். தகட்டில் வைத்து மெல்லத் தூக்கினால் பாகு போல நூல் எழும்பி, ஓர் அங்குலம் வந்த பிறகே அறுந்துபோக வேண்டும். பயற்றம்பணியாரத்துக்குப் பாகு காய்ச்சும் கை தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நூல் வராமல் சொட்டினால் பொடி போதாது. அந்தத் தண்ணிச் சீலரில்தான் யூஜினோல் மிச்சம் நிற்கும், கரைவதும் அதில்தான் கூட.

இன்னொன்று. யூஜினோல் இருக்கும் இடத்தில் கொம்போசிட், அதாவது பல் நிறத்தில் வரும் பிசின் அடைப்பு, சரியாக இறுகாது. பிசின் இறுகும் வினையையே அது குலைக்கும். பல் மேல் அறையில் சீலரின் மிச்சம் துளிகூட விடாமல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, பல்லோடு ஒட்டும் சீமெந்தான கிளாஸ் அயனோமரில் ஒரு படை வைத்துவிட்டு அதற்கு மேல் கொம்போசிட் போடுங்கள்.

இந்தக் குடும்பத்தில் வந்த ஒரு வழிகெட்ட கிளையையும் சொல்ல வேண்டும். கிருமியைக் கொல்லட்டும் என்று பராஃபோமல்டிஹைட்டைச் சேர்த்த பேஸ்டுகள் ஒரு காலத்தில் பெரிதாக விற்றன, என்2 என்ற பெயரில் வந்ததும் அதில் ஒன்று. ஃபோமலின் செத்த உடலைப் பதப்படுத்துவதற்கு. உயிருள்ள எலும்புக்குள் அதை விடுவது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. கீழ்க் கடைவாய்ப்பல்லின் நுனியைத் தாண்டிப் போனால் தாடை நரம்பு வெந்து, உதடு வாழ்நாள் முழுவதும் மரத்துப்போகலாம். பழைய அலுமாரியின் மூலையில் அப்படி ஒரு போத்தலைக் கண்டால் யாரையும் கேட்காமல் அப்புறப்படுத்துங்கள்.

இனி எப்பொக்சி. ஹார்ட்வெயாரில் விற்கும் அரல்டைட் எல்லாருக்கும் தெரியும், இரண்டு டியூப்பைச் சேர்த்துக் கலந்தால் கல்லாகும். அந்தப் பிசினின் வரலாறு பல் வைத்தியத்தில்தான் தொடங்குகிறது. 1930களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற இரசாயனவியலாளர் பொய்ப்பல் செய்வதற்குப் பொருள் தேடியபோது கண்டது அது. பொய்ப்பல்லுக்கு அது எடுபடவில்லை, பசையாக உலகம் சுற்றியது. பிறகு அதே நாட்டு அந்திரே ஷ்ரோடர் 1950களில் அதை ஏஎச் 26 என்ற வேர்ச் சீலராகத் திரும்பப் பல்லுக்குள் கொண்டுவந்தார். பொடியும் பிசினுமான அந்தப் பழைய வகை இறுகும்போது கொஞ்சம் ஃபோமல்டிஹைட் விடும், வெள்ளிச் சத்து இருந்த வகை பல்லைக் கறுக்கவும் செய்யும். இரண்டு பேஸ்டாக வந்த ஏஎச் பிளஸ் இவற்றைத் திருத்திக்கொண்டது. இன்றும் புதிதாக வரும் எந்தச் சீலரையும் ஆய்வுகூடத்தில் இதன் பக்கத்தில் வைத்துத்தான் அளக்கிறார்கள்.

தண்ணீருக்கு எப்பொக்சி அசையாது. இறுகிய பிறகு கரைவது மிகமிகக் குறைவு. வேலை செய்ய 4 மணி நேரம்வரை கிடைக்கும், வேருக்குள் இறுக ஏறக்குறைய 8 மணி நேரம். நாலு கால்வாய் உள்ள கடைவாய்ப்பல்லில் வியர்த்துக் கொட்டாமல் ஜிபி நெருக்கலாம். ஆனால் இறுகும் முன் தண்ணீர் அதற்குப் பகை. கால்வாய் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தை ஒற்றி எடுக்கும் காகிதக் குச்சியான பேப்பர் பொயிண்ட் கடைசியில் உலர்ந்து வெளியே வர வேண்டும். பல் சுவரில் உள்ள நுண் குழாய்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும் திறமும் இதற்கு உண்டு. அதற்கு வழிவிட, ஃபைல் தேய்த்த தூளால் பூசப்பட்ட படையை 17 சதவீத ஈடிடிஏ என்ற கரைசலால் ஒரு நிமிடம் கழுவி எடுக்க வேண்டும். எலும்புக்கு இது எந்த உதவியும் செய்யாது, இறுகிய பிறகு பெரிய உபத்திரவமும் இல்லை. கிருமியைக் கொல்லும் குணம் இறுகும்வரைதான். தனியாரில் என்னுடைய கை பெரும்பாலும் இதற்குத்தான் போகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்சியம் ஹைட்ரொக்சைட் சீலர்கள் எலும்பை வளர்க்கும் என்று வந்தன. அந்தக் கல்சியம் வெளியே வர வேண்டுமானால் சீலர் கரைந்தாக வேண்டும். அடைக்க வந்த பொருள் கரைந்தால்தான் வேலை செய்யும் என்பது எனக்கு ஒருபோதும் சமாதானமாக இருந்ததில்லை. சிலிக்கோன் சீலர் தண்ணீரைத் தள்ளிவிடும், இறுகும்போது கொஞ்சம் விரியவும் செய்யும், கிருமியை ஒன்றும் செய்யாது. கிளாஸ் அயனோமர் பல்லோடு நன்றாக ஒட்டும், திரும்ப எடுக்க நேர்ந்தால்தான் தலைவலி.

2004 அளவில் ரெசிலோன் என்று ஒன்று பெரிய ஆரவாரத்தோடு வந்தது. ஜிபிக்குப் பதில் பொலியெஸ்டர் குச்சி, கொம்போசிட் போன்ற சீலர், எல்லாம் பல்லோடு சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும் என்றார்கள். அப்போது அதை எவ்வளவு ஆசையாக வாசித்தேன் என்று நினைவிருக்கிறது. ஆழமான, ஒடுங்கிய குழிக்குள் பிசின் சுருங்கும்போது ஒரு பக்கம் பிடிவிட்டே தீரும், அங்கே அது சுருங்க வெளி இல்லை. குச்சியோ ஈரத்திலும் கிருமியின் நொதியிலும் சிதைந்தது. சில வருடத்துக்குப் பின் திரும்பிப் பார்த்த ஆய்வுகளில் ஜிபி போட்ட பற்களைவிடத் தோல்வி அதிகமாக இருந்தது. சந்தையில் இருந்தும் போய்விட்டது. புதியது என்ற சொல்லைக் கேட்டால் நான் ஐந்து வருடம் பொறுப்பது அதற்குப் பிறகுதான்.

இப்போது எல்லாரும் கேட்கும் பயோசெரமிக். அது விற்பனைப் பெயர், பொருளின் பெயர் கல்சியம் சிலிக்கேட். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது வேறு யாருக்கும் விளக்குவதைவிடச் சுலபம், ஏனென்றால் துறைமுகக் கரையில் டோக்கியோ சீமெந்து ஆலை இருக்கிறது. ஜோசப் அஸ்ப்டின் 1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்த போர்ட்லண்ட் சீமெந்தின் உயிர் டிரைகல்சியம் சிலிக்கேட்டும் டைகல்சியம் சிலிக்கேட்டும். கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத்தும் கூட்டாளிகளும் 1993இல் எழுதிய எம்டிஏ என்ற பொருளில் முக்கால் பங்கு அந்தச் சீமெந்து, 20 சதவீதம் எக்ஸ்ரேக்காகப் பிஸ்மத் ஒக்சைட், 5 சதவீதம் ஜிப்சம். அவ்வளவுதான்.

அதன் பெருமை தண்ணீரில் இறுகுவது. வேரில் ஓட்டை விழுந்தால், நுனி மூடாத சின்னப் பிள்ளையின் பல்லில், நுனி அறுவைச் சிகிச்சையில் இரத்தமும் ஈரமும் நிற்கவே செய்யும். மற்றப் பொருட்கள் எல்லாம் தோற்ற அந்த இடத்தில் இது நிற்கிறது. முன்பெல்லாம் நுனி திறந்த பல்லுக்குக் கல்சியம் ஹைட்ரொக்சைட்டை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தோம். சைக்கிளில் இருந்து விழுந்து முன்பல் செத்த பிள்ளையைத் தாய் பஸ் ஏறி ஏறிக் கூட்டிவருவாள், பாதியில் நின்றுவிடுவாள், பல் போய்விடும். எம்டிஏ அந்த அலைச்சலை இரண்டு மூன்று வருகைக்குள் முடித்தது. எனக்கு அந்தப் பொருளின் மேல் இருக்கும் மரியாதை இங்கேதான்.

குறையும் உண்டு. இறுக 2 மணி 45 நிமிடம், ஈர மணல் போலப் பிடிபடாது, கால்வாய் கழுவும் ஹைப்போகுளோரைட் பட்டால் பிஸ்மத் கறுத்துப் பல் நிறம் மாறும். அதனால்தான் பிறகு வந்தவை சிர்க்கோனியம் ஒக்சைட்டுக்கு மாறின.

ஒரு மேசன் ஐயா என்னிடம் கேட்டார், “அப்படியென்றால் பையில் இருக்கிற சீமெந்தையே போட்டால் என்ன, டொக்டர்?” நியாயமான கேள்வி. கட்டடச் சீமெந்தில் ஆர்செனிக் போன்றவற்றுக்கு மருந்துக்குரிய கட்டுப்பாடு இல்லை, தூளின் பருமன் சீராக இல்லை, எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, கிருமி நீக்கவும் இல்லை. மருந்தாக வருவது பெரும்பாலும் சுத்தமான மூலப்பொருளில் இருந்து தனியாகத் தயாரித்தது.

இந்தச் சிலிக்கேட்டை இன்னும் நுண்ணிய தூளாக்கி, தண்ணீர் இல்லாத திரவத்தில் குழைத்து, ஊசிக்குழாயில் அடைத்ததுதான் 2007 அளவில் வரத் தொடங்கிய சீலர். வேருக்குள் போனதும் பல்லின் நுண் குழாய்களில் உள்ள ஈரத்தைக் குடித்து இறுகும். இறுகும்போது கல்சியம் ஹைட்ரொக்சைட் விடும், பிஎச் 12ஐத் தொடும், கிருமி தாங்காது. உடல் திரவத்தில் உள்ள பொஸ்பேட்டோடு சேர்ந்து, மேலே பல்லின் தாதுவை ஒத்த அபடைட் படியும். சுருக்கம் மிகக் குறைவு. அதனால் இங்கே மட்டும் பழைய விதி கொஞ்சம் புரள்கிறது. குச்சி ஒன்று, சுற்றிலும் சீலர் தாராளமாக, என்ற முறைக்கு இதில் ஓரளவு இடம் இருக்கிறது. அந்த இடத்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்வதைத்தான் நான் ஏற்கவில்லை. தட்டையான கால்வாயில் ஒரு குச்சியை நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சீலரால் நிரப்புவது பழையபடி குங்கிலிய வள்ளம்தான். தண்ணீரில் கரையும் அளவு இதில் எப்பொக்சியைவிடக் கூட என்று பல சோதனைகளில் வந்திருக்கிறது.

நாளைக்கு உங்கள் கைக்கு இது வந்தால் பழக்கத்தை மாற்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு. எப்பொக்சிக்குக் காயவைத்தது போல இதற்குக் காயவைக்கக் கூடாது. அற்ககோல் விட்டு உலர்த்தினால் சீலர் குடிக்கத் தண்ணீர் இருக்காது, நாள்கணக்கில் மாவாகவே கிடக்கும். பேப்பர் பொயிண்டின் நுனி மட்டும் இலேசாக நனைந்து வந்தால் போதும். குழாயின் நுனியைக் கழற்றித் துடைத்து உடனே மூடுங்கள், நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரமே அதை இறுக்கிவிடும். பெட்டியில் எம்டிஏ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். சிலவற்றின் பெரும்பகுதி சலிசிலேட் பிசின், எம்டிஏ பெயருக்குக் கொஞ்சம். பின்னால் உள்ள பொடி எழுத்தை வாசியுங்கள்.

திரும்ப எடுப்பதையும் யோசிக்க வேண்டும். துத்தநாகச் சீலரைக் குளோரோஃபோம் ஒரு சொட்டு இளக்கும். இறுகிய சிலிக்கேட்டை நாம் வழக்கமாகப் பாவிக்கும் கரைப்பான்கள் தொடாது. நடுவில் ஜிபி நுனிவரை நீளமாக இருந்தால் அதை வழியாகப் பிடித்து இறங்கலாம். ஜிபி குறுகி, அதற்குக் கீழே வெறும் சீலர் கல்லாகி நின்றால் கஷ்டம்.

இனி உங்கள் முதல் கேள்வி. நோயாளியிடம் என்ன சொல்வது? எப்பொக்சியையும் கல்சியம் சிலிக்கேட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த மருத்துவ ஆய்வுகளில், பல் குணமாவதில் பெரிய இடைவெளி தெரியவில்லை. துத்தநாகச் சீலரோடு உலகம் எத்தனையோ பத்தாண்டு பல் காப்பாற்றியிருக்கிறது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் பொருள் வராமல் இருந்த மாதங்களில் நானும் அந்தப் பொடிப் போத்தலுக்குத்தான் திரும்பினேன். அப்போது அடைத்த பற்களுக்கு இன்றுவரை தனியாக ஒரு குறை வரவில்லை. ஆகவே தரம் குறைந்தது என்று சொல்ல வேண்டாம். “இது பழைய, பழகிய பொருள். இதைவிட விலை கூடியது வெளியே இருக்கிறது. உங்கள் பல்லுக்கு இது போதும்” என்று நேராகச் சொல்லுங்கள். வேரில் ஓட்டை, திறந்த நுனி என்றால் மட்டும் போதாது என்று சொல்லி, எம்டிஏ இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

உங்கள் கவலையைச் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு. 1965இல் ககேஹாஷியும் கூட்டாளிகளும் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்து, உணவு படும்படி திறந்தே விட்டார்கள். கூழ் சாகவில்லை, மேலே புதிதாகப் பல் திசு படிந்து மூடியது. சாதாரண எலிகளில் கூழ் செத்துச் சீழ் கட்டியது. நோய் கிருமியால்தான். பல்லைச் சுற்றி எச்சிலைத் தடுக்கும் ரப்பர் விரிப்பான ரபர் டாம் போடாமல் எச்சில் விழவிட்டு அடைத்தால் எந்த விலைச் சீலரும் அந்தக் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டத்தான் உதவும். அப்புறம் 1995இல் ரேயும் ட்ரோப்பும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களின் எக்ஸ்ரேயைப் பார்த்து, வேர் அடைப்பின் தரத்தைவிட மேல் அடைப்பின் தரம் கூடுதலாகக் கணக்கில் வருகிறது என்று எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் இரண்டும் முக்கியம் என்று திருத்தினார்கள். எப்படியோ, மேல் அடைப்பு விழுந்து மூன்று மாதம் எச்சிலில் ஊறிய வேரை நான் நம்புவதில்லை, திரும்பச் செய்கிறேன்.

வெள்ளைப் பொட்டுக்கு வருவோம். நன்றாகச் சுத்தம் செய்த கால்வாயில் சீலர் துளியாக நுனியைத் தாண்டுவது எல்லார் கையிலும் நடக்கும். துத்தநாகச் சீலர் என்பதால் உடல் அதை மெல்ல மெல்லக் கரைத்து எடுக்கும், ஒருசில வருடம் எடுக்கலாம். முதல் சில நாள் கடித்தால் கொஞ்சம் நோகலாம், உங்கள் நோயாளிக்கு அதுவும் இல்லை. இதே பொட்டு கீழ்க் கடைவாய்ப்பல்லில் வந்து உதடு மரத்திருந்தால் அன்றைக்கே மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், மணித்தியாலக் கணக்கு முக்கியம். மேல் கடைவாய்ப்பல்லில் இருந்து சைனசுக்குள் பெரிய கட்டியாகப் போயிருந்தாலும் விடக் கூடாது, துத்தநாகம் அங்கே அஸ்பெஜிலஸ் பூஞ்சணம் வளர உதவும். மேல் முன்பல்லில் ஒரு சின்னப் பொட்டுக்கு இந்த இரண்டு ஆபத்தும் இல்லை.

அடுத்த தடவை வேலை நீளத்தை, அதாவது பல்லின் மேலிருந்து வேர் நுனிவரையான அளவை, ஒருமுறை கூடுதலாகச் சரிபாருங்கள். நுனியில் ஜிபி சிக்கென்று பிடிக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். குச்சியில் சீலரை மெல்லத் தொட்டு, மெதுவாக இறக்குங்கள், பம்ப் அடிப்பது போல மேலும் கீழும் அசைக்க வேண்டாம். இவருக்கு ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுங்கள். நுனியில் முன்பே கருநிழல் இருந்திருந்தால் முழுதாக மாற நாலு வருடம்கூட எடுக்கலாம், அதுவரை வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுங்கள்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பல்லின் உட்புறத் துளையில் இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள்? தற்காலிக அடைப்பு என்றால் இந்தக் கிழமைக்குள் அவரைக் கூப்பிட்டு நிரந்தரமாக அடைத்துவிடுங்கள், யூஜினோலைத் துடைத்துவிட்டு.